ஐரோப்பாவில் நல்வாழ்வு: ஹெல்சிங்கியிலிருந்து விதின் வரை

ஐரோப்பியக் கண்டம் முழுவதையும் ஒரே அளவில் வளம்பெற்ற நிலப்பரப்பாகக் கருதும் வழக்கம் பரவலாக இருந்தாலும், அங்குள்ள நாடுகளுக்கிடையே வாழ்க்கைத் தரத்தில் நிலவும் வேறுபாடுகள் மிகப் பெரியவை. 2023ஆம் ஆண்டு நிலவரப்படி ஸ்பெயினில் பிறக்கும் குழந்தை சராசரியாக 84 ஆண்டுகள் வாழும் எனக் கணக்கிடப்படுகிறது. பல்கேரியாவில் பிறக்கும் குழந்தைக்கு அந்த எதிர்பார்ப்பு 76 ஆண்டுகளை ஒட்டியே நிற்கிறது. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள். ஒரே பொதுச் சந்தையில் வணிகம் செய்பவை. இந்த இடைவெளிக்கு வருமானம் ஒன்றுதான் காரணம் என்றால் விளக்கம் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் மக்களிடம் வாழ்க்கை மனநிறைவைப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டபோது, வளம் மிக்க ஜெர்மனி 6.5 மதிப்பெண் பெற, அதைவிட வருமானம் குறைந்த ருமேனியாவும் போலந்தும் 7.7 பெற்றன. செல்வத்துக்கும் நல்வாழ்வுக்கும் உள்ள உறவு நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. அந்த உறவு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதை வடக்கே பால்டிக் கடற்கரையிலிருந்து தென்கிழக்கே கீழ் டான்யூப் ஆற்றங்கரை வரை சில ஊர்களின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்கள்

பயணத்துக்கு முன் அளவுகோல்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் தலைக்குரிய உற்பத்தியே நெடுங்காலம் வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆயுள், கல்வி ஆகிய இரண்டையும் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும் மனித வளர்ச்சிக் குறியீட்டை, பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் தலைமையில், அமர்த்தியா சென்னின் துணையோடு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் வெளியிட்டது. இதற்கடுத்த படியாக, மக்கள் தம் வாழ்க்கையைத் தாமே எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்று நேரடியாகக் கேட்கும் முறை வலுப்பெற்றது. அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் வகுத்த ஏணிக் கேள்வி இவ்வகையில் புகழ்பெற்றது: 0 முதல் 10 வரை எண்ணிட்ட படிகள் கொண்ட ஓர் ஏணியில் உச்சிப் படி தமக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை என்றும், அடிப்படி மிக மோசமான வாழ்க்கை என்றும் கொண்டால், இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்கப்படுகிறது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை, மூன்று ஆண்டுகளின் விடைகளைச் சராசரியாக்கி நாடுகளை வரிசைப்படுத்துகிறது. இக்கேள்வி சிரிப்பையோ களிப்பையோ அளப்பதில்லை; வாழ்க்கை குறித்து ஒருவர் நிதானமாகச் சிந்தித்துச் சொல்லும் தீர்ப்பையே அளக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாதவர்க்கு, 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் ஃபின்லாந்து முதலிடம் பெற்றதற்குப் பொருள் விளங்காது.

ஹெல்சிங்கி: வறுமையில் வகுக்கப்பட்ட வழக்கம்

ஹெல்சிங்கியில் நவம்பர் மாதத்தில் இறங்குபவரை வரவேற்பது, பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கவியும் இருளும் சாம்பல் நிற வானமும்தான். தெருவில் அரட்டையோ ஆரவாரமோ இல்லை. உலகின் மிக மகிழ்ச்சியான நாடு என்ற பட்டத்துக்குரிய வெளிப்படையான அறிகுறி எதுவும் கண்ணில் படுவதில்லை. ஆயினும் மைய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைத்தொலைவில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, ஓடி என்ற பொது நூலகம் நிற்கிறது. நாடு விடுதலை பெற்ற நூற்றாண்டு நிறைவின் அடையாளமாகக் கட்டப்பட்டு 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் மேல்மாடத்து முற்றம், எதிரிலுள்ள நாடாளுமன்றத்தின் நுழைவாயில் இருக்கும் அதே உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளது. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே மட்டத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். மேல்தளத்தில் நூல்களும் நடுத்தளத்தில் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், இசைப்பதிவு அறைகள் ஆகியனவும் உள்ளன. திரைச்சீலைக்கு விளிம்பு தைக்க வந்த மூதாட்டியும் பாடல் பதிவு செய்ய வந்த மாணவரும் அடுத்தடுத்து அமர்ந்து வேலை பார்க்கும் இடம் அது.

இத்தகைய பொது வசதிகள் செல்வம் பெருகிய பிறகு வந்த அலங்காரங்கள் என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறு விதமாக உள்ளது. 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் ஃபின்லாந்து தன் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை இழந்தது. 1918இல் உள்நாட்டுப் போரைக் கண்டது. 1930களில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அந்நிலையில் 1938இல் வறிய தாய்மார்களுக்காகத் தொடங்கப்பட்டு, 1949இல் எல்லாத் தாய்மார்களுக்கும் விரிவாக்கப்பட்டதே மகப்பேற்றுப் பெட்டி என்னும் திட்டம். அட்டையால் ஆன அப்பெட்டியில் குழந்தைக்கு வேண்டிய உடைகள், போர்வை, சிறு மெத்தை ஆகியன அடுக்கப்பட்டிருக்கும். பொருள்களை எடுத்துவிட்டு மெத்தையை அடியில் விரித்தால் பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை ஆகிவிடும். ஆனால் திட்டத்தின் உயிர்நாடி பெட்டிக்குள் இல்லை. அதைப் பெற விரும்பும் பெண் கருவுற்ற நான்காம் மாத முடிவுக்குள் மருத்துவரிடமோ தாய்சேய் நல நிலையத்திலோ பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் அது உள்ளது. அந்த ஒரு நிபந்தனை நாட்டின் பெண்கள் அனைவரையும் மருத்துவப் பராமரிப்புக்குள் கொண்டுவந்தது. இன்று அங்கே சிசு மரணம் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. செல்வர் வீட்டுக் குழந்தையும் தொழிலாளி வீட்டுக் குழந்தையும் ஒரே மாதிரிப் பெட்டியைப் பெறுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. எல்லாரும் பெறுவதால்தான் எல்லாரும் அதற்கு வரி செலுத்த இசைகின்றனர்.

ஃபின்லாந்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு முப்பது என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக அது இருந்தது. அதற்குச் சற்று முன்னரே, 1986இல், ஒவ்வொரு மரணத்தின் பின்னணியையும் ஆராய்ந்து தடுப்பு வழிகளை வகுக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வீடற்றோர் சிக்கலிலும் இதே அணுகுமுறைதான். 1987இல் 18,000க்கும் மேற்பட்டோர் வீடின்றி இருந்த நாட்டில், குடிப்பழக்கம் நீங்கிய பின்பே வீடு என்று காக்க வைப்பதை விடுத்து, முதலில் நிலையான வீடு, பிறகு மற்ற உதவிகள் என்ற கொள்கை 2008 முதல் நடைமுறைக்கு வர, 2022இல் அந்த எண்ணிக்கை 4,000க்கும் கீழே இறங்கியது. துன்பத்தை மறைக்காமல் எண்ணிக் கணக்கெடுத்துத் தீர்க்க முனையும் அரசை மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையே ஏணியின் உயர்ந்த படி.

கோபன்ஹேகன்: நம்பிக்கை என்னும் பொதுச் சொத்து

டென்மார்க்கின் தலைநகரில் உணவகங்களின் வாசலில், குளிர்காலத்தில்கூட, குழந்தை உறங்கும் தள்ளுவண்டிகள் தனியே நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம்; தாய் உள்ளே அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டிருப்பார். அறிமுகமற்ற மனிதர்கள் தமக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்ற பொது எண்ணத்தைச் சமூகவியலாளர் சமூக நம்பிக்கை என்று குறிப்பிடுகின்றனர். இது வெறும் உணர்வா, நடத்தையிலும் உள்ளதா என்பதைச் சோதிக்க, 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை வங்கி, தங்குவிடுதி, காவல் நிலையம், திரையரங்கு முதலியவற்றின் வரவேற்பு மேசைகளில் ‘தெருவில் கிடந்தது’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுச் சென்ற ஓர் ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஒவ்வொரு பையிலும் உரியவரின் முகவரி அட்டை, ஒரு சாவி, ஒரு மளிகைப் பட்டியல் ஆகியன இருந்தன. சிலவற்றில் பணமும் இருந்தது. சுவிட்சர்லாந்து, நார்வே, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளில் பைகள் உரியவரிடம் திரும்பிச் சேர்ந்த விகிதம் மிக உயர்வாக இருந்தது. பெரும்பாலான நாடுகளில், பணமில்லாத பையைக் காட்டிலும் பணமுள்ள பையே அதிகமாகத் திருப்பி அளிக்கப்பட்டது என்பது மனித இயல்பு குறித்து நம்பிக்கை அளிக்கும் செய்தியாகும்.

இந்நம்பிக்கை வடபுல மக்களின் பிறவிக் குணம் என்ற கருத்து ஆய்வுக்கு முன் நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, குடிபெயர்ந்தோரின் மனநிறைவைத் தனியே ஆராய்ந்தபோது, வந்து குடியேறியவர்களின் மதிப்பீடு சொந்த மண்ணின் அளவிலிருந்து விலகி, புதிய நாட்டின் அளவை நெருங்குவதைக் கண்டறிந்தது. அந்தப் பட்டியலிலும் ஃபின்லாந்தே முதலிடம் பெற்றது. 1980களில் இலங்கையின் போரிலிருந்து தப்பி டென்மார்க்கிலும் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் அடைக்கலம் புகுந்த தமிழர்கள் மொழி, தட்பவெப்பம், தனிமை ஆகிய எல்லாவற்றோடும் போராடினர் என்றாலும், அவர்களின் பிள்ளைகள் கட்டணமற்ற கல்வியின் வழியே மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் மக்கள் பிரதிநிதிகளாகவும் உயர்ந்திருக்கின்றனர். நல்வாழ்வு குருதியின் வழி வருவதில்லை, அமைப்புகளின் வழி வருகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழ் வாசகருக்குத் தேவையில்லை.

லக்சம்பர்க்: சராசரியின் வரம்பு

தெற்கே இறங்கும் வழியில் லக்சம்பர்க் ஒரு சிறு நிறுத்தமாகவே அமையும். எனினும் அது ஒரு முக்கிய உண்மையை விளக்குகிறது. இந்நாட்டின் தலைக்குரிய உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டது. ஆனால் அங்கே உழைப்போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சு, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் வந்து திரும்புபவர்கள். அவர்களின் உற்பத்தி கணக்கில் சேர, அவர்களின் தலைகள் மக்கள்தொகையில் சேர்வதில்லை. தலைநகரின் வீட்டு விலைக்கு ஈடுகொடுக்க முடியாத உள்நாட்டவர் சிலரும் எல்லை தாண்டிக் குடியேறுகின்றனர். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் ஆகிய அனைத்திலும் கட்டணம் நீக்கப்பட்டது. உலகில் எந்த நாடும் அதற்கு முன் செய்யாத செயல் அது. பயணத்தை இலவசமாக்க முடிந்த நாட்டால் வீட்டைக் கைக்கெட்டும் விலையில் தர முடியவில்லை என்பது, செல்வம் தானாகவே எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்துவிடாது என்பதைக் காட்டுகிறது.

லிஸ்பன்: நீண்ட ஆயுளும் குளிர்ந்த வீடுகளும்

போர்ச்சுகலில் சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25 அன்று முடிவுக்கு வந்தபோது, அது மேற்கு ஐரோப்பாவின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. 1970ஆம் ஆண்டில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மக்களில் நான்கில் ஒருவருக்கு எழுத்தறிவு இல்லை. 1979இல் அரசியல்வாதி அந்தோனியோ அர்னோவின் முயற்சியால் எல்லாருக்குமான தேசிய மருத்துவ சேவை சட்டமாக்கப்பட்டது. மருத்துவமனைகளும் மகப்பேற்று நிலையங்களும் உள்நாட்டு ஊர்கள் வரை சென்றடைய, சிசு மரணம் ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவுக்கு இறங்கியது. ஆயுள் எதிர்பார்ப்பு 82 ஆண்டுகளை எட்டியது. தலைக்குரிய வருமானத்தில் ஜெர்மனிக்கு மிகப் பின்னால் நிற்கும் நாடு, ஆயுளில் அதற்கு இணையாக நிற்பது சாதாரணச் செய்தி அன்று.

ஆனால் அதே நாட்டில் ஜனவரி மாதத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைபவர் வேறொரு நிலையை உணர்வார். வெளிச்சுவரில் நீலமும் வெண்மையும் இழைந்த ஓடுகள் வெயிலில் மின்ன, உள்ளே குடும்பத்தார் கம்பளிச் சட்டையும் போர்வையுமாக அமர்ந்திருப்பர். சுவர்களில் ஈரமும் பூஞ்சையும் படர்ந்திருக்கும். கட்டடங்களின் வெப்பக்காப்புக்கு விதிமுறைகள் 1990இல்தான் முதன்முதலாக வகுக்கப்பட்டன. அதற்கு முன் எழுந்த வீடுகள் குளிரைத் தடுக்கும் வகையில் கட்டப்படவில்லை. வீட்டைப் போதிய அளவு வெதுவெதுப்பாக வைத்திருக்க வசதியில்லை என்று 2023இல் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் ஐந்தில் ஒருவர் தெரிவித்தார். பனி உறையும் ஃபின்லாந்தில் அவ்வாறு சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேரைத் தாண்டவில்லை. சுற்றுலா விடுதிகளாக மாறிய பழைய குடியிருப்புகளும் வெளிநாட்டு முதலீடும் சேர்ந்து லிஸ்பனின் வாடகையை உயர்த்தியதால், இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறுவது முப்பது வயதை ஒட்டித் தள்ளிப்போகிறது; ஃபின்லாந்தில் அந்தச் சராசரி வயது 21. தென் ஐரோப்பியக் குடும்ப ஒற்றுமையாகப் புகழப்படும் இவ்வழக்கத்தின் ஒரு பகுதி, இளைஞர்களுக்கு வேறு வழியில்லாமையின் விளைவு.

இத்தாலி: ஒரே நாட்டுக்குள் இரண்டு நிலைகள்

நாடுகளின் சராசரி எவ்வளவு மறைக்கிறது என்பதை இத்தாலி எடுத்துரைக்கிறது. வடக்கே போல்சானோ மாகாணத்தின் தலைக்குரிய உற்பத்தி தெற்கே கலாப்ரியாவினுடையதைப் போல இருமடங்குக்கும் மேல். 1978இல் தேசிய மருத்துவ சேவை அமைக்கப்பட்டு, சட்டப்படி எல்லாருக்கும் ஒரே உரிமை வழங்கப்பட்டிருந்தும், தெற்கின் நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்காக இரவு ரயிலேறி வடக்கின் மருத்துவமனைகளுக்குச் செல்வது இன்றும் தொடர்கிறது. 1970இல் மாநில அரசுகள் நாடு முழுவதும் அமைக்கப்பட்டபோது, ஒரே சட்டம், ஒரே அதிகாரம் கொண்ட அவை ஏன் வெவ்வேறு விதமாக இயங்கின என்று ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம், 1993இல் வெளியிட்ட நூலில், கூட்டுறவுச் சங்கங்கள், பாட்டுக் குழுக்கள், விளையாட்டுக் கழகங்கள் எனக் குடிமக்கள் தாமாகக் கூடி இயங்கும் மரபு வலுவாக இருந்த இடங்களில் அரசும் நன்றாக இயங்கியது என்று வாதிட்டார். அம்மரபின் வேர்களை அவர் பல நூற்றாண்டுகள் பின்னோக்கித் தேடியது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. பழைய வரலாறே விதி என்றால் முயற்சிக்கு இடமில்லை. அந்த விதியை மீற முடியும் என்பதற்கு வியன்னா சான்று தருகிறது.

வியன்னா: தோல்வியுற்ற நகரம் கட்டிய வீடுகள்

முதல் உலகப் போரில் தோற்று, பேரரசை இழந்து, பட்டினியில் வாடிய வியன்னாவில் காசநோய் அந்நகரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு தளத்துக்கே ஒரு குழாய். வாடகைக்கு வீடு பிடிக்க இயலாதவர்கள், அடுத்தவர் வேலைக்குச் சென்ற நேரத்தில் அவரது கட்டிலைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து உறங்கினர். 1919இல் நகராட்சியைக் கைப்பற்றிய சமூக ஜனநாயகக் கட்சி, நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னரின் திட்டப்படி 1923இல் வீட்டுவசதி வரியை விதித்தது. சிறு வீட்டுக்குச் சிறு வரி, மாளிகைக்குப் பெரும் வரி என்று படிப்படியாக ஏறிய அவ்வரியின் வருவாயில், 1934க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. நலத்துறைப் பொறுப்பாளரான மருத்துவப் பேராசிரியர் யூலியுஸ் டான்ட்லர், நகரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் உடைகள் அடங்கிய பொதியை 1927 முதல் வழங்கச் செய்தார். ஃபின்லாந்தின் பெட்டிக்குப் பதினோர் ஆண்டுகள் மூத்த ஏற்பாடு அது.

அவ்வீடுகளுள் பெயர்பெற்றது, கட்டடக் கலைஞர் கார்ல் ஏன் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அதன் முகப்பைக் கடக்க டிராம் நான்கு நிறுத்தங்களைத் தாண்ட வேண்டும். அந்த நெடுஞ்சுவரில் உயர்ந்த வளைவு வாயில்கள் திறக்க, உள்ளே மரங்கள் அடர்ந்த முற்றங்கள் விரிகின்றன. மொத்த மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம் எழுப்பப்பட்டு, எஞ்சியது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் குழந்தைகளின் விளையாட்டுக்கும் விடப்பட்டது. 1,382 வீடுகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாயும் கழிப்பறையும் தரப்பட்டன. பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம் ஆகியன சேர்ந்தே கட்டப்பட்டன. 1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டு மோதலில் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளான அக்கட்டடம் இன்றும் மக்கள் வாழும் குடியிருப்பாகவே நிற்கிறது. நகராட்சிக்குச் சொந்தமான வீடுகள் இப்போது ஏறத்தாழ 2,20,000. மானியம் பெற்ற கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இவையே இல்லம். தகுதிக்கான வருமான வரம்பு தாராளமாக இருப்பதால் ஆசிரியரும் ஓட்டுநரும் அலுவலரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றனர். குடிபுகுந்த பின் வருமானம் உயர்ந்தாலும் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. 1873இலும் 1910இலும் அமைக்கப்பட்ட குழாய்த் தொடர்கள் ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுநீரை வீட்டுக் குழாய்வரை கொண்டுவருகின்றன. நகரப் போக்குவரத்து முழுவதற்குமான ஆண்டுச் சீட்டு 2012 முதல் பல ஆண்டுகள் 365 யூரோவாக, நாளுக்கு ஒரு யூரோவாக, நீடித்தது. 2022இல் வாழ்க்கை மனநிறைவில் ஒன்றியத்தின் மிக உயர்ந்த மதிப்பெண்ணாகிய 7.9ஐ ஆஸ்திரியா பெற்றதை இப்பின்னணியில் பார்ப்பது பொருத்தமானது.

விதின்: வெறுமையாகும் கரை

வியன்னாவைத் தொட்டு ஓடும் டான்யூப், பல நூறு கிலோமீட்டர் கடந்து பல்கேரியாவின் வடமேற்கு மூலையில் விதின் நகரை அடைகிறது. பல ஆண்டுகளாக ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக வறிய வட்டாரம் என்று பதிவான பகுதி இது. கோட்டையும் ஆற்றங்கரைப் பூங்காவும் அழகானவை. ஆனால் தெருக்களில் மின்கம்பங்களிலும் வீட்டுக் கதவுகளிலும் இறந்தோரின் படத்துடன் ஒட்டப்பட்டிருக்கும் நினைவுத் தாள்களே முதலில் கண்ணில் படுகின்றன. இறந்த அன்றும் நாற்பதாம் நாளும் ஆண்டு நினைவிலும் தாள் ஒட்டுவது அந்நாட்டு மரபு. ஒட்டுவதற்கு இளையோர் குறைந்துவருவதே இன்றைய துயரம். 1989இல் ஏறத்தாழ 90 லட்சமாக இருந்த பல்கேரியாவின் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகச் சுருங்கியது. 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்தபின் இளைஞர்கள் மேற்கு நோக்கிச் செல்வது எளிதாயிற்று. செவிலியர்களும் அவர்களோடு சென்றனர். மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்துகின்றனர். செல்வருக்கும் எளியவருக்கும் ஒரே 10 விழுக்காடு என்று 2008 முதல் நடப்பிலுள்ள வருமான வரி, ஒன்றியத்திலேயே மிகக் கூர்மையான ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் போதவில்லை. 2022இல் மனநிறைவு மதிப்பெண் 5.6, அனைத்து உறுப்பு நாடுகளிலும் அதுவே கடைசி.

2013இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தால் ருமேனியாவின் கலாஃபாட். ஒரே நாளில் ஒன்றியத்தில் சேர்ந்த, பொதுவுடைமை ஆட்சியின் சுமையை ஒருங்கே சுமந்த இரு நாடுகளின் மனநிறைவு இரண்டு புள்ளிக்கும் மேல் வேறுபடுவதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல இயலாது. வருமானம் உயர்ந்தாலும் மனநிறைவு அதே அளவில் உயர்வதில்லை, மக்கள் தம்மைப் பிறரோடும் தம் நேற்றைய நிலையோடும் ஒப்பிடுகின்றனர் என்று பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இலேயே சுட்டிக்காட்டினார். விரைந்து உயரும் கூலியும் நாளை இதனினும் நன்றாக இருக்கும் என்ற எண்ணமும் ருமேனியாவிலும் போலந்திலும் லித்துவேனியாவிலும் மதிப்பீட்டை உயர்த்தியிருக்கலாம். முப்பது வயதுக்குட்பட்டோரின் மகிழ்ச்சியில் 2024ஆம் ஆண்டு அறிக்கை லித்துவேனியாவுக்கே உலகில் முதலிடம் அளித்தது. நாளை குறித்த எதிர்பார்ப்பு வற்றிய இடத்தில்தான் வறுமை மிகக் கொடியதாகிறது.

பயணம் தரும் முடிவு

இந்த ஊர்களை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஃபின்லாந்து மகப்பேற்றுப் பெட்டியைத் தந்தபோதும், வியன்னா வீடுகளைக் கட்டியபோதும், போர்ச்சுகல் மருத்துவ சேவையைத் தொடங்கியபோதும் அவை செல்வம் மிக்கவையாக இருக்கவில்லை. முதலில் வளம், பிறகு நலம் என்ற வரிசையை அவை ஏற்கவில்லை; குழந்தை, வீடு, நோய், நூல் ஆகியவற்றைப் பொதுப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, ஏழைக்கு மட்டும் என்று நிறுத்தாமல் எல்லாருக்கும் என்று விரித்து, பல தலைமுறைகள் கைவிடாமல் காத்தன. எல்லாருக்கும் உரியதை எல்லாரும் காப்பர் என்பதே அந்த ஏற்பாடுகளின் வலிமை. நல்வாழ்வு செல்வத்தின் பரிசு அன்று. பொதுமக்களின் நெடிய உழைப்பு. ஐரோப்பாவுக்குச் செல்லும் பயணிகள் அரண்மனைகளையும் தேவாலயங்களையும் கண்டு திரும்புவதோடு நில்லாமல், நகராட்சிக் குடியிருப்பின் முற்றத்திலும் பொது நூலகத்தின் நடுத்தளத்திலும் தாய்சேய் நல நிலையத்தின் வாசலிலும் சற்று நேரம் செலவிட வேண்டும். ஒரு சமூகம் தன் மக்களை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய அவற்றைவிட நல்ல இடங்கள் இல்லை.